தரைக்குள் ஒரு வெப்பமானி

அமெரிக்காவின் வட எல்லையில் உள்ள மினசோட்டா மாநிலத்தில் டவர் என்றொரு சிற்றூர். 1996 பிப்ரவரி 2 அன்று அங்கே வெப்பநிலை மைனஸ் 51 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியது. அந்த மாநிலத்தில் இதுவரை பதிவானதில் அதுவே கடுங்குளிர். தினமும் அப்படி இருக்காது என்றாலும், ஜனவரி மாதத்து மைனஸ் 20 அங்கே யாரையும் வியக்க வைக்காது. ஈர மண்ணே உறைந்து பருத்து மேலெழும் நிலம் அது. அதனால் மாநிலத்தின் வடபகுதியில் வீட்டு அஸ்திவாரம் 5 அடி ஆழத்துக்குப் போக வேண்டும் என்கிறது கட்டட விதி.

இப்படிப்பட்ட ஊரில் கராஜ் என்பது காருக்கு மட்டுமான இடமாக இருப்பதில்லை. இரவு முழுக்க வெளியே நிற்கும் காரின் ஆயில் கெட்டிப்பட்டுவிடும், பேட்டரி தன் திறனில் பெரும்பகுதியை இழந்துவிடும் என்பதால் கார் உள்ளே வருகிறது. கூடவே மரவேலையும் வண்டி ரிப்பேரும் குழந்தைகளின் சைக்கிளும் வருகின்றன. வெளியில் நின்று கைவேலை செய்ய முடியாத மாதங்கள் அங்கே அதிகம். காருக்கு அடியில் மல்லாந்து படுத்து ஸ்பேனரைத் திருப்புகிறவருக்குக் காற்று எத்தனை டிகிரி என்பதைவிட, முதுகுக்குக் கீழே இருக்கும் தரை எத்தனை டிகிரி என்பதே முக்கியம். அதனால்தான் அங்கே பலர் தரையையே சூடாக்குகிறார்கள்.

செய்முறை எளிது. இறுக்கிய ஜல்லியின் மேல், ஈரம் ஏறாமல் தடுக்கத் தடித்த பாலித்தீன் விரிப்பு. அதன்மேல் 2 அங்குலத் தடிமனில் நுரைப் பலகை. நம் தெர்மாகோலின் இனம்தான், ஆனால் கார் ஏறினாலும் நசுங்காத உறுதி கொண்டது. பலகையின் மேல் கம்பி வலை. வலையோடு சேர்த்து, ஓர் அடி இடைவெளியில் வளைத்து வளைத்துக் கட்டப்பட்ட பிளாஸ்டிக் குழாய். எல்லாவற்றையும் மூடி 4 அங்குலக் கான்கிரீட். பிறகு பாய்லரிலிருந்து 30 முதல் 45 டிகிரி வரை சூடான தண்ணீர், உறைந்துபோகும் ஆபத்து இருந்தால் கிளைகோல் கலந்து, அந்தக் குழாயில் பம்பினால் சுற்றி வரும்.

அடித்தளத்தைச் சூடாக்கி அதன்மேல் வாழ்வது பழைய வித்தை. கொரியர்கள் அடுப்புப் புகையைத் தரைக்கு அடியில் ஓட்டினார்கள். ரோமானியர்கள் குளியல் கூடங்களில் அதையே செய்தார்கள். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட், 1937-இல் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் ஜேக்கப்ஸ் குடும்பத்துக்குக் கட்டிய வீட்டில், கான்கிரீட் தளத்தின் அடியில் குழாய்களை ஓட்டினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நியூயார்க்கை ஒட்டி லெவிட்டவுன் எழுந்தபோது, ஆயிரக்கணக்கான வீடுகளின் கான்கிரீட் தளங்களில் செம்புக் குழாய்கள் புதைந்தன. பிற்காலத்தில் அவற்றில் பல கசிந்தன. இன்று பயன்படும் குறுக்குப் பிணைப்புப் பாலித்தீன் குழாய், 1960களின் இறுதியில் ஜெர்மனியில் தாமஸ் எங்கெல் உருவாக்கியது. அது துருப்பிடிக்காது. லெவிட்டவுனின் தொல்லையிலிருந்து தரைச் சூடேற்றத்தை மீட்டது இந்தக் குழாய்தான் என்பது என் எண்ணம்.

இனி கொஞ்சம் கணக்கு. இரண்டு கார் நிற்கும் கராஜ் ஒன்றை 24 அடிக்கு 24 அடி என்று வைத்துக்கொள்வோம். 4 அங்குலத் தளத்தில் இருக்கும் கான்கிரீட் ஏறக்குறைய 13 டன். ஒரு கிலோ கான்கிரீட்டை ஒரு டிகிரி சூடாக்க 880 ஜூல் வேண்டும். முழுத் தளத்தையும் ஒரு டிகிரி உயர்த்த 11 மெகாஜூலுக்குச் சற்று மேல் ஆகும். மின்கட்டணக் கணக்கில் 3.1 யூனிட். அதே கராஜுக்குள், 10 அடி உயரக் கூரை வரை நிறைந்திருக்கும் காற்றின் எடை 200 கிலோதான். அதை ஒரு டிகிரி உயர்த்த ஒரு யூனிட்டில் பதினெட்டில் ஒரு பங்கு போதும்.

தரைச் சூடேற்றத்தின் முழு அருமையும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது. உள்ளே 15 டிகிரி, வெளியே மைனஸ் 20. அகலமான கதவைத் தூக்கிக் காரை உள்ளே கொண்டுவருகிறார்கள். உள்ளிருந்த காற்று அத்தனையும் வெளியேறி, அந்த இடத்தைக் குளிர்காற்று நிரப்பிவிட்டது என்றே கொள்வோம். அதை மறுபடி 15 டிகிரிக்குக் கொண்டுவர 2 யூனிட் வெப்பம் வேண்டும். சூடான காற்றை ஊதும் எந்திரத்தை மட்டும் நம்பியிருக்கும் கராஜில் இது ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும் வேலை. சூடான தளம் இருக்கும் இடத்திலோ, தளம் தன் வெப்பநிலையில் அரை டிகிரிக்குச் சற்று அதிகமாக இழந்தாலே அந்த 2 யூனிட்டும் கிடைத்துவிடும். அதோடு, தளம் மேல்நோக்கித் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய பாதி அகச்சிவப்புக் கதிராகப் போகிறது. நடுவில் இருக்கும் காற்றை அது பொருட்படுத்தாது. நேரே காரையும் சுவரையும் மனிதரையும் சேரும்.

ஆனால் இதே 13 டன்தான் தொல்லைக்கும் காரணம். 10 கிலோவாட் பாய்லரை வைத்து 5 டிகிரியில் கிடக்கும் தளத்தை 20 டிகிரிக்கு உயர்த்த, வெப்பம் எங்கும் கசியாவிட்டாலும், ஐந்து மணி நேரம் பிடிக்கும். நிறுத்தினாலும் உடனே நிற்காது. பெரும்பாலான கராஜ்களில் பாய்லரை ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட் சுவரில், கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. அது அறிவது காற்றை மட்டும். காற்று 15 டிகிரியை எட்டட்டும் என்று அது காத்திருக்கும் நேரமெல்லாம் தளத்துக்குள் வெப்பம் ஏறிக்கொண்டே போகிறது. தெர்மோஸ்டாட் பாய்லரை நிறுத்தும்போது, தளத்தில் தேவைக்கு மேல் இருபது முப்பது யூனிட் சேர்ந்திருக்கலாம். அந்த இருப்பு தீரும்வரை அடுத்த பல மணி நேரம் கராஜ் புழுங்கும். பிறகு தளம் ஆறி, காற்றும் ஆறி, தெர்மோஸ்டாட் விழித்துக்கொள்ளும்போது மறுபடி பல மணி நேரத் தாமதம். கதவைத் திறந்தாலோ அதற்குப் பெரிய பதற்றம். தளம் சும்மாவே சமாளித்துவிடக்கூடிய குளிர்காற்றுக்காகப் பாய்லரை ஓடவிடும்.

நம் ஊர் மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் படுத்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். சித்திரை வெயில் உச்சிக்கு ஏறுவது மதியம். கூரையின் உட்புறம் தகிப்பது மாலைக்கு மேல்தான். வெளியே காற்று குளிர்ந்த பிறகும், மின்விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும், நடுநிசிவரை அந்த 5 அங்குலக் கான்கிரீட் பகலில் வாங்கிய வெப்பத்தை நம்மேல் இறக்கிக்கொண்டே இருக்கும். மினசோட்டாவின் கராஜ் தளமும் சென்னையின் கூரைத் தளமும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை.

அந்த விதியை எழுதியவர் பிரான்ஸின் ஜோசப் ஃபூரியே. 1822-இல் வெளியான அவருடைய வெப்பக் கோட்பாட்டு நூல் இயற்பியலின் பெரிய நூல்களுள் ஒன்று. வெப்பம் ஒரு பொருளுக்குள் பரவ எடுத்துக்கொள்ளும் நேரம், தூரத்தின் இருமடிப்படி கூடுகிறது என்பது அதிலிருந்து கிடைக்கும் ஒரு முடிவு. தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். கான்கிரீட்டில் 5 சென்டிமீட்டரைக் கடக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம். 10 சென்டிமீட்டருக்கு நான்கு மணி நேரம். குழாய் தளத்தின் நடு ஆழத்தில் இருந்தால் பாய்லர் மூட்டிய ஒரு மணி நேரத்தில் மேற்பரப்பு விழித்துக்கொள்ளும். கம்பி வலை கான்கிரீட்டுக்கு அடியில் அமுங்கிப்போய்க் குழாய் அடிமட்டத்தில் கிடந்தால், காத்திருப்பு அரை நாள் வேலையாகிவிடும். கான்கிரீட் கொட்டும்போது வலையை யாராவது தூக்கிப் பிடித்தார்களா இல்லையா என்பது, இருபது வருடங்கள் கழித்தும் தெர்மோஸ்டாட்டின் நடத்தையில் தெரியும்.

ஃபூரியேவின் சமன்பாட்டில் இன்னொரு முடிவும் உண்டு. மேலே ஏறி இறங்கும் வெப்பநிலை, உள்ளே போகப்போகத் தேய்ந்து மறைகிறது. மெதுவான ஏற்ற இறக்கம் ஆழமாகப் போகும். வேகமானது தோலோடு நின்றுவிடும். இதை மண்ணில் நேரடியாக அளந்து காட்டியவர் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் டேவிட் ஃபோர்ப்ஸ். 1837-இல் எடின்பரோ நகரில் மூன்று இடங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் 3, 6, 12, 24 பிரெஞ்சு அடி ஆழங்களில் வெப்பமானிகளைப் புதைத்தார். மிக ஆழமானது ஏறக்குறைய 8 மீட்டருக்குக் கீழே இருந்தது. குமிழ் மண்ணுக்குள், ஆல்கஹால் நிரம்பிய நீண்ட தண்டு தரைக்கு மேல் வரை நீண்டிருக்கும். அந்த மூன்று இடங்களுள் ஒன்றான கால்டன் குன்றுப் பாறையின் மிக ஆழமான வெப்பமானியில் கோடையின் உச்சம் வந்து சேர்ந்தது ஜனவரியில். மேலே பனி கொட்டிக்கொண்டிருக்க, கீழே போன ஆகஸ்ட்டின் வெயில் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது. இந்தப் பதிவுகளிலிருந்து பாறையின் வெப்பக் கடத்துதிறனைக் கணக்கிட்ட வில்லியம் தாம்சன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு ஆனவர், 1862-இல் பூமியின் வயதைக் கணிக்க முயன்றபோதும் இதே எண்கள் அவருக்குக் கைகொடுத்தன. விடை தவறிப்போனது என்றாலும், ஆழத்தில் வைத்த வெப்பமானி கடந்த காலத்தைச் சொல்லும் என்று நிலைநாட்டிய அளவீடுகளாக நான் இவற்றை மதிக்கிறேன்.

சுவர்த் தெர்மோஸ்டாட்டின் குறையைத் தீர்க்க, தளத்துக்குள்ளேயே வெப்பநிலைச் சென்சார் ஒன்றை வைக்கலாம். எந்த ஆழத்தில் என்பதற்கு அதே கணக்கைக் கராஜ் தளத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் வெப்பநிலை, கான்கிரீட்டில் ஒன்றரை சென்டிமீட்டர் போவதற்குள் மூன்றில் ஒரு பங்காகக் குறுகிவிடும். 5 சென்டிமீட்டரில் நூற்றுக்கு மூன்று பங்குதான் மிஞ்சும். ஒரு நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்குவதோ 14 சென்டிமீட்டர் வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே மேற்பரப்பை ஒட்டி வைத்த சென்சாருக்குக் கதவு திறந்ததும் தெரியும், ஈரக் காலணி பட்டதும் தெரியும். நடு ஆழத்தில் வைத்ததற்கு அந்தச் சந்தடி எதுவும் கேட்காது. தளத்தில் மொத்தம் எவ்வளவு வெப்பம் இருப்பு இருக்கிறது என்பது மட்டும் தெரியும். குழாயை ஒட்டி வைத்தது, பாய்லரின் ஒவ்வொரு மூச்சையும் எண்ணிக்கொண்டிருக்கும். தளத்தின் வெப்பநிலை என்று ஒற்றை எண் எதுவும் கிடையாது. நாம் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறோமோ அதற்கேற்ற ஆழத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். பாய்லரை ஓட்டவும் நிறுத்தவும் வேண்டுமானால் நடு ஆழமே சரி என்பது என் துணிபு.

பக்கவாட்டில் எங்கே என்பதற்கும் யோசனை வேண்டும். குழாய்க்கு நேர் மேலும், இரண்டு குழாய்களுக்கு நட்டநடுவிலும் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் இருக்கலாம். பாய்லர் மூட்டிய புதிதில் அது இன்னும் பெரிது. நடுவில் வைத்தால் சராசரிக்கு அருகில் இருக்கும். கதவோரம் கூடாது, அங்கே வெளிக்காற்றின் பேச்சுதான் கேட்கும். கார் நிற்கும் இடத்தின் அடியும் கூடாது. சக்கர வளைவுகளில் அப்பிக்கொண்டு வந்த 20 கிலோ பனி உருகிச் சொட்டினால், உருகுவதற்கு மட்டுமே 2 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவான வெப்பத்தைத் தளத்திலிருந்து உறிஞ்சும். அந்த ஒரு மூலை குளிர்ந்ததை வைத்துக் கொண்டு முழுக் கராஜையும் சூடாக்குவது வீண் செலவு.

எந்தச் சென்சார்? 1833-இல் மைக்கேல் ஃபாரடே, வெள்ளி சல்பைடைச் சூடாக்கினால் அதன் மின்தடை குறைவதைக் கவனித்தார். உலோகங்களில் நடப்பதற்கு நேர்மாறான இந்தக் குணத்தைப் பயன்படுத்துவதுதான் தெர்மிஸ்டர். 25 டிகிரியில் 10,000 ஓம் காட்டும் சாதாரணத் தெர்மிஸ்டர், 0 டிகிரியில் 30,000 ஓமுக்கு மேல் காட்டும். ஒரு டிகிரிக்கு நானூறு ஓமுக்கு மேல் மாறும் பொருளுக்கு, நீளமான ஒயரின் ஒன்றிரண்டு ஓம் ஒரு பொருட்டே இல்லை. ஆலைகள் நம்பும் பிளாட்டினம் சென்சார் துல்லியத்தில் உயர்ந்தது. ஆனால் 100 ஓம் ரகத்தில் டிகிரிக்கு 0.385 ஓம் மட்டுமே மாறும். இரண்டு ஓம் ஒயர் தடையைக் கவனிக்காமல் விட்டால் 5 டிகிரி பிழை. அதைச் சரிக்கட்ட மூன்று, நான்கு ஒயர் இணைப்பு வேண்டும். தொழிற்சாலைக்கு அது பொருந்தும். கராஜுக்கு அவ்வளவு வேண்டியதில்லை.

இன்று கைவேலைக்காரர்கள் பெரும்பாலும் எடுப்பது டிஎஸ்18பி20 என்ற சின்னஞ்சிறு சில்லு. டல்லஸ் செமிகண்டக்டர் நிறுவனம் கொண்டுவந்தது. வெப்பநிலையை அதுவே எண்ணாக மாற்றி அனுப்பிவிடும். ஒவ்வொரு சில்லுக்கும் தொழிற்சாலையிலேயே பதித்த 64 பிட் அடையாள எண் உண்டு. அதனால் ஒரே ஒயர் சரத்தில் பத்துச் சென்சாரைக் கோத்தாலும் எது எங்கே இருக்கிறது என்று பிரித்துக் கேட்கலாம். ஆனால் இரண்டு எண்களை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் வந்து, முதல் அளவை முடியும் முன் கேட்டுவிட்டால் அது 85 டிகிரி என்று சொல்லும். ஒயர் அறுந்துபோனால், பரவலாகப் புழங்கும் மென்பொருள் மைனஸ் 127 என்று காட்டும். இவற்றை வடிகட்டாமல் பாய்லரோடு இணைத்தால் முதலாவது எண் குளிரில் பாய்லரை அணைத்துவிடும். இரண்டாவது நிற்காமல் ஓடவிடும்.

அதே சில்லு ஒரு டிகிரியின் பதினாறில் ஒரு பங்கு வரை எண்ணிக் காட்டுகிறது. திரையில் நான்கு தசம இலக்கம் ஓடுவதைப் பார்த்ததும் நம்பிக்கை பிறக்கும். ஆனால் தயாரிப்பாளர் உறுதி தருவது கூடவோ குறையவோ அரை டிகிரிக்கு மட்டும். அரை டிகிரி என்பது இந்தத் தளத்தில் ஒன்றரை யூனிட் வெப்பம். தீர்வு பழமையானது: நொறுக்கிய ஐஸை நல்ல தண்ணீரில் நிறைத்து, எல்லாச் சென்சார்களையும் ஒன்றாகக் கட்டி அதில் அமிழ்த்தி, 0 டிகிரியிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு விலகுகிறது என்று குறித்துக்கொள்வது. புதைப்பதற்கு முன்பு அரை மணி நேரம் இதற்குச் செலவிடுவது பெரிய லாபம்.

புதிதாகத் தளம் போடுகிறவர்களுக்கு வேலை சுலபம். கான்கிரீட் கொட்டும் முன், மின்கம்பி ஓட்டும் பிவிசி பைப் ஒன்றைச் சுவரோரத்திலிருந்து இரண்டு வெப்பக் குழாய்களுக்கு நடுவே கொண்டுபோய், முனையை நன்றாக அடைத்துக் கம்பி வலையில் கட்டிவிட வேண்டும். வளைவு அகலமாக இருக்கட்டும். தளம் இறுகியபின் சென்சாரை அந்தப் பைப்புக்குள் தள்ளிவிடலாம். சென்சாரை நேரே கான்கிரீட்டில் புதைப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஈரக் கான்கிரீட்டின் காரத்தன்மை பிஎச் அளவில் 12, 13 வரை போகும். ஒயர் உறையின் சின்ன வெடிப்பு வழியே அந்த ஈரம் உள்ளே நுழைந்துவிடும். நீர்புகாது என்று விற்கப்படும் சென்சார்களும் சில வருடங்களில் உயிரை விடுகின்றன. தளத்தின் ஆயுள் ஐம்பது வருடம். லெவிட்டவுனில் தரையை உடைக்க நேர்ந்தவர்கள் பட்ட பாட்டை இன்னொரு முறை பட வேண்டியதில்லை.

ஏற்கனவே போட்ட தளத்தில் சென்சார் சேர்ப்பதுதான் சுவாரசியமான சவால். டிரில் பிட் இறங்கும் இடத்துக்குக் கீழே தண்ணீர்க் குழாய் இருக்கக்கூடும். வரைபடம் பெரும்பாலும் எவரிடமும் இருக்காது. குழாயைக் கண்டுபிடிக்கும் வழியை வெப்பமே தருகிறது. தளத்தை நன்றாக ஆறவிட்டு, பிறகு சூடான தண்ணீரைச் சுற்றவிட்டால், அரை மணி ஒரு மணி நேரத்தில் வெப்பக் கேமராவில் குழாய்களின் நெளிவு அத்தனையும் வெளிச்சக் கோடுகளாகத் தெரியும். ரொம்ப நேரம் விட்டால் கோடுகள் கலங்கிப்போகும். ஃபூரியேவின் பரவல் எல்லாவற்றையும் சமனாக்கிவிடும். கேமரா இல்லாதவர்கள் தரையை மெல்லிய நீர்ப்படலமாக நனைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். குழாய் இருக்கும் வரிசைதான் முதலில் உலரும். அந்தக் கோடுகளை உடனே சாக்பீஸால் வரைந்து, அளவெடுத்து, படமும் எடுத்துக்கொண்டால் அது அந்த வீட்டுக்கு நிரந்தரச் சொத்து.

துளையிடவே மனம் வராதவர்களுக்கு இன்னொரு இடம் உண்டு. கான்கிரீட் சுருங்கும்போது கண்ட இடத்தில் வெடிக்காமல் இருக்க, தளம் போட்ட ஓரிரு நாளுக்குள் ரம்பத்தால் நேர்க்கோடுகள் கீறிவிடுவார்கள். கீறலின் ஆழம் வழக்கமாகத் தளத்தின் தடிமனில் நாலில் ஒரு பங்கு, 4 அங்குலத் தளத்தில் ஓர் அங்குலம். அந்தக் கீறலுக்குள் மெல்லிய சென்சாரைப் படுக்கவைத்து, ஒயரை அதன் வழியாகவே சுவர்வரை ஓட்டி, மேலே நெகிழும் பூச்சால் அடைத்துவிடலாம். நடு ஆழம் கிடைக்காது என்பது குறைதான். ஆனால் ஓர் அங்குல ஆழத்தில் கதவுச் சந்தடி பெரிதும் அடங்கிப்போகும். துளையோ கீறலோ, சென்சாரோடு கூட ஒயரையும் ஓர் அடி நீளமாவது கான்கிரீட்டுக்குள் ஓடவிட வேண்டும். குட்டைத் துளையில் செங்குத்தாக நிற்கும் எஃகுக் குழலும் செம்பு ஒயரும் மேலே உள்ள குளிரைக் கீழே கடத்திவரும். ஃபோர்ப்ஸுக்கும் இந்தத் தொல்லை இருந்தது. அவருடைய வெப்பமானிகளின் நீண்ட தண்டு மேல்மண்ணின் சூட்டையும் குளிரையும் வாங்கிக்கொண்டு அளவைத் திரித்தது. அதற்குத் தனியே கணக்கிட்டுத் திருத்தினார்.

கூரையில் அகச்சிவப்புச் சென்சாரை மாட்டித் தரையைப் பார்க்கவிடுவதும் நடக்கிறது. கான்கிரீட் அகச்சிவப்பை நன்றாக வெளியிடும் பொருள் என்பதால் அளவு நம்பத்தகுந்ததாகவே இருக்கும். ஆனால் கார் வந்து நின்றதும் அது அளப்பது காரின் கூரையை.

எனக்கு மிகப் பிடித்த வழி தளத்தை எங்கும் தொடாதது. தளத்துக்குள் ஏற்கனவே 180 மீட்டர் அளவுக்குக் குழாய் ஓடுகிறது. அதில் 20 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. சூடான நீர் உள்ளே போகும் குழாயில் ஒரு சென்சார், சுற்றித் திரும்பும் குழாயில் ஒன்று. இரண்டையும் உலோகப் பகுதியில் இறுகக் கட்டி, மேலே நுரைப்பட்டை சுற்றிவிட வேண்டும். பாய்லரை அணைத்து, பம்பை மட்டும் பத்து நிமிடம் ஓடவிட்டால், அந்தத் தண்ணீர் தளத்தைப் பல தடவை சுற்றி வந்து கான்கிரீட்டின் வெப்பநிலைக்கு நெருங்கிவிடும். இரண்டு சென்சாரும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும்போது, அந்த எண்தான் முழுத் தளத்தின் சராசரி. எந்தத் துளையில் வைத்த ஒற்றைச் சென்சாரும் இவ்வளவு பரந்த செய்தியைத் தராது.

பாய்லர் ஓடும்போது அதே இரண்டு சென்சார்கள் வேறொன்றைச் சொல்லும். நிமிடத்துக்கு 10 லிட்டர் தண்ணீர் ஓடி, 6 டிகிரி இழந்து திரும்பினால், தளம் அந்நேரம் 4.2 கிலோவாட் வெப்பத்தை விழுங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பாதிக்குப் பாதி கிளைகோல் கலந்திருந்தால் அதே 6 டிகிரிக்குக் கணக்கு கணிசமாகக் குறையும். கிளைகோல் கலந்த நீர் வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் தண்ணீரைவிடக் குறைந்தது.

கான்கிரீட்டுக்குள் குழாய், குழாய்க்குள் நீர், பக்கத்திலேயே வெப்பமானி என்ற இந்த அமைப்பின் மிகப் பெரிய வடிவம் ஹூவர் அணை. 1933-இல் அங்கே கான்கிரீட் கொட்டத் தொடங்கியபோது பிரச்சினை நேர்மாறாக இருந்தது. சிமெண்ட் இறுகும்போது தானே வெப்பத்தை வெளிவிடும். அவ்வளவு பெரிய அணையை அப்படியே விட்டிருந்தால் ஆறுவதற்கு நூறு வருடத்துக்கு மேலாகும், ஆறும்போது வெடித்தும்விடும். அதனால் ஓர் அங்குல எஃகுக் குழாயை 582 மைலுக்கு மேல் கான்கிரீட்டுக்குள் ஓட்டிக் குளிர்ந்த நீரைச் சுற்றவிட்டார்கள். புதைத்து வைத்த மின்தடை வெப்பமானிகள் எந்தப் பகுதி போதிய அளவு ஆறிவிட்டது என்று சொல்ல, அந்தப் பகுதியின் குழாய்களையும் இணைப்புகளையும் சிமெண்ட் குழம்பால் நிரப்பினார்கள். இறுகிய பாறைக்குள் நடப்பதை வெளியிலிருந்து ஊகிக்க முடியாது என்று அந்தப் பொறியாளர்கள் முதலிலேயே ஒப்புக்கொண்டு வேலையைத் தொடங்கினார்கள்.

கராஜுக்கு வருவோம். தளச் சென்சார் கிடைத்ததும் அதைச் சுவர்த் தெர்மோஸ்டாட்டோடு எப்படிச் சேர்ப்பது? தளம் 20 டிகிரி, காற்று 15 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அந்த 5 டிகிரி வித்தியாசத்தில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 50 வாட் வெப்பம் மேலே வருகிறது. வெளியே இன்னும் குளிர்ந்தால் வித்தியாசம் இன்னும் கூட வேண்டும். எனவே வெளிக்காற்றின் வெப்பநிலையைப் பார்த்து, தளம் இருக்க வேண்டிய வெப்பநிலையைத் தீர்மானிப்பதே நல்ல முறை. வெளியே மைனஸ் 5 என்றால் தளம் 18, மைனஸ் 25 என்றால் 21 என்பதுபோல ஒரு அட்டவணை அந்தந்தக் கராஜுக்குக் கிடைத்துவிடும். காற்றுச் சென்சார் அதை மெதுவாக அரை டிகிரி, ஒரு டிகிரி திருத்தட்டும். மேல்வரம்பும் வேண்டும். காலணியோடு நின்று வேலை செய்கிறவர்களுக்கு 29 டிகிரிக்கு மேல் தரை உறுத்தும் என்று அமெரிக்கச் சூடேற்றல் பொறியாளர் சங்கத்தின் தரவிதி கூறுகிறது.

அளவுகளைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்துவந்தால் இன்னொரு பயன் கிடைக்கும். இரவில் பாய்லர் ஓடாத நேரத்தில் தளம் மணிக்கு 0.8 டிகிரி இறங்குகிறது என்று வரைபடம் காட்டினால், 3.1 யூனிட்டால் பெருக்கிப் பாருங்கள்: அந்தக் கராஜ் அந்நேரம் 2.5 கிலோவாட் வெப்பத்தை இழந்துகொண்டிருக்கிறது. கதவின் ரப்பரை மாற்றியபின் அதே குளிர் இரவில் சரிவு குறைந்ததா என்று எண்ணாகவே தெரியும்.

இரண்டாவது சென்சார் ஒன்றைத் தளத்தின் விளிம்பிலிருந்து ஓர் அடி உள்ளே வைத்தால் பலவீனம் எங்கே என்பதும் தெரியும். நடுவில் 20 டிகிரி இருக்க, விளிம்பு 13 என்று காட்டினால், கட்டும்போது தளத்தின் அடியில் நுரைப் பலகை போட்டவர்கள் பக்கவாட்டில் போடாமல் விட்டுவிட்டார்கள் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். வெப்பம் விளிம்பு வழியாக உறைந்த மண்ணுக்கு ஓடுகிறது. பாய்லரைக் கூட்டுவது இதற்கு மருந்தாகாது. விளிம்புக்கு அருகில் ஓடும் குழாயிலிருந்து வெளியே போகும் வெப்பம்தான் கூடும். பனி உருகிய மே மாதத்தில் கராஜின் வெளிச்சுவரை ஒட்டி இரண்டடி ஆழத்துக்கு மண்ணைத் தோண்டி, அஸ்திவாரத்தின் மேல் 2 அங்குல நுரைப் பலகையை ஒட்டி, தரைக்கு மேல் தெரியும் பகுதியை வெயில் படாமல் பூசி மூடி, மண்ணைத் திரும்பத் தள்ள வேண்டும். ஒரு வார இறுதி வேலை. தளத்தில் ஒரு கீறல்கூட விழாது. அடுத்த டிசம்பரில் விளிம்புச் சென்சார் 13-இலிருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.